மூச்சடக்கி

என் வீட்டுக்காரிக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் மூச்சடக்கி என்று பெயர். கேலியாக வைத்ததுதான். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ட்வீசரால் எதையாவது எடுத்து வைக்கும்போது அங்கே எல்லாருமே மூச்சை அடக்குவார்கள். இவள் அடக்கினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயம் வந்துவிடும், அவ்வளவு நேரம். ஒரு தடவை சூப்பர்வைசர் பதறிப்போய் முதுகில் கைவைத்து, "ஏம்மா, உசுரோட இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அதிர்ச்சியில் இவள் பிடித்திருந்த லென்ஸ் தெறித்துப் போனது. கடுகைவிடச் சிறிய லென்ஸ். அது இன்றைக்கும் அந்த அறைக்குள் எங்கேயோதான் கிடக்க வேண்டும்.

அவள் செய்கிற வேலை என்னவென்று எனக்குப் புரியவே கல்யாணமாகி வெகுநாள் ஆனது. நான் கடைகளுக்கு ஷட்டர் மாட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். என் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அவளோ தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, தூசி நுழையாத ஓர் அறைக்குள் உட்கார்ந்திருப்பவள். டாக்டர்கள் உடம்புக்குள் விட்டுப் பார்க்கிற மெல்லிய குழாய் இருக்கிறதல்லவா, அதன் நுனிக்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் இவள் சேர்த்து ஒட்டுவாள். தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளில் ஒரு கண்ணாடி தொங்கும். துளி மின்சாரம் கொடுத்தால் தலையாட்டும். அதற்கு முன்னால் ஒரு லென்ஸ். மொத்தமும் சேர்ந்தால் பேனா முனைக்குள் அடங்கிவிடும்.

"உங்க ஷட்டர்லயும் ஸ்பிரிங்தான், என் கண்ணாடியிலயும் ஸ்பிரிங்தான்," என்பாள். "உங்களுது ஊரைக் கூட்டும். என்னுது வாயே திறக்காது."

இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் கனமான எதையும் தூக்கமாட்டாள். ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் அதற்கப்புறம் வெகுநேரத்துக்கு விரலில் ஒரு நடுக்கம் இருக்குமாம். நமக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்குத் தெரியும். ஆகவே வாளி, சிலிண்டர், மாவு மூட்டை எல்லாம் என் தலையில். பவுடர் பூசமாட்டாள், அறைக்குள் உதிரும். சண்டையும் போடமாட்டாள். கோபப்பட்டாலும் கை நடுங்கும், அழுதாலும் நடுங்கும். நான் எகிறிக் குதிக்கும்போது, "ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாங்க," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எனக்குச் சண்டையின் காரணமே மறந்துபோயிருக்கும். ஒரு மனுஷனை இதைவிடப் பொறுமையாகக் கொல்ல முடியுமா?

இதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. எதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கிற அந்தப் பழக்கம் மட்டும் அவளுக்கு இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து நெஞ்சு எரிகிறது.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவனை ஆளாக்கியது இவள்தான். நான் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தவன் அவன்தான். மீசை அரும்பாத வயசு. என்ன தொழில் என்று கேட்டான். சொன்னேன். ஷட்டர் எவ்வளவு கனம், உருளை எவ்வளவு தடிமன் என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டு, ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று வாய்க்கணக்காகவே போட்டுச் சொன்னான். நான் அதுவரை கைப்பழக்கத்தில் முறுக்கிக்கொண்டிருந்தவன். பொடியன் என்ன சொல்லிவிடப்போகிறான் என்று மறுநாள் முறுக்கிப் பார்த்தேன். ஷட்டர் ஒரு விரலுக்கு ஏறியது. அதற்குப் பிறகு எங்கே ஷட்டர் மாட்டினாலும் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டியதில்லை.

"சரியா வருமாடா?" என்று கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும். "தப்பா வந்தா என் பேர மாத்திக்கிறேன் மாமா," என்பான். அது ஒரு திமிர். ஆனால் பார்க்கப் பார்க்க அலுக்காத திமிர்.

படித்து முடித்து அக்கா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே சேர்ந்தான். அவள் கீழே ஒட்டுகிற இடத்தில், அவன் மேலே வரைகிற இடத்தில். அங்கே போனதும் அவனுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. கிட்டே இருப்பதையும் தள்ளி இருப்பதையும் தெளிவாகப் பார்க்க, டாக்டர் குழாயை முன்னே தள்ளிப் பின்னே இழுக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சரி. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் தள்ளி இழுக்க இடம் ஏது? குழாய் அசையாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் லென்ஸ் மட்டும் முன்னும் பின்னும் நகர வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அக்காவின் வளையலைக் கழற்றி வாங்கி, அதில் நாலு பக்கமும் ரப்பர் பேண்டு கட்டி எனக்குக் காட்டினான். நடுவில் வளையம், வளையத்துக்குள் லென்ஸ், நாலு ஸ்பிரிங். அவ்வளவுதான் மாமா என்றான்.

அவ்வளவுதான் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. ஸ்பிரிங் தடிமனாக இருந்தால் அசைக்க நிறைய மின்சாரம் வேண்டும். குழந்தையின் தொண்டைக்குள் அதைச் செய்ய முடியாது. மெல்லியதாக இருந்தால் வளையம் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், இழுத்து எடுக்க வலு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்தைக் கண்டுபிடிக்க அவன் படாத பாடு பட்டான். சாப்பிடும்போதே எழுந்து போய் எதையாவது கிறுக்கிவிட்டு வருவான். இவள் அதட்டுவாள். கடைசியில் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் வந்து நின்றான். என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் கனமான ஆள்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அவர்களுக்குக் காட்டுவதற்கான பீஸை ஒட்டும் வேலை மூச்சடக்கிக்குத்தான் வந்தது. அந்தக் கட்டடத்தில் அவளைவிட நல்ல கை கிடையாது. தம்பி வரைந்தது, அக்கா ஒட்டுவது. அந்த வாரம் முழுக்க அவள் ஒரு டம்ளரைக்கூட அழுத்திப் பிடிக்கவில்லை. நான் ஊட்டிவிடுவதுதான் பாக்கி.

இனி நான் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. பல வருஷம் கழித்து அவள் சொல்லித் தெரிந்தது.

வளையமும் ஸ்பிரிங்கும் கொண்ட அந்தச் சின்னப் பீஸ்களுக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரம் போதும், வளையம் போய் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உலர்ந்த அலமாரிக்குள் வைத்திருப்பார்கள். ஒட்டும் நேரத்தில்தான் வெளியே எடுப்பார்கள். அன்று இவள் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டாள். தம்பி கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்ப்பேன் என்று சொல்லியிருந்தான். அவன் வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, விருந்தாளி வருவதற்குள் தட்டை எடுத்து வைப்பதுபோல எடுத்து வைத்திருக்கிறாள். அவன் மேலே மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தான். வெளியே மழை. அறையின் காற்றை உலர்த்துகிற மெஷின் காலையிலிருந்தே மக்கர் செய்துகொண்டிருந்தது.

அவன் வந்து நின்ற பிறகு ஒட்டினாள். ஒட்டி முடித்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். வளையம் அசையவில்லை.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டிக்கொண்ட பீஸ், கழித்ததைப் போடுகிற சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். பேச்சே கிடையாது. ட்வீசரின் பின்பக்கத்தால் ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் வளையம் விட்டுக்கொடுக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படி விட்டது மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் என்பதும் தெரியும். எனக்கும் இது புரிகிறது. மாட்டிக்கொண்ட ஷட்டரை எட்டி ஓர் உதை விட்டால் ஏறும். கடைக்காரர் சந்தோஷப்படுவார். மறுநாள் காலையில் நம்மைத் திட்டுவார்.

அலமாரிக்குள் அதே மாதிரி இன்னும் பீஸ்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் புதிதாக ஒட்டலாம். ஆனால் அறையைப் பூட்டுகிற நேரம் வந்துவிட்டது. டாக்டர்கள் மறுநாள் காலை வருகிறார்கள். இவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்கிறான். தூக்கமில்லாத முகம். நாளைக்கு மட்டும் ஓடிவிட்டால் போதும், அப்புறம் நல்லதாக ஒன்று ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். தட்டினாள்.

வளையம் விட்டது. மின்சாரம் கொடுத்ததும் முன்னும் பின்னும் அழகாக நகர்ந்தது. அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவன் சந்தோஷத்தில் கண்ணாடிச் சுவரை இரண்டு கையாலும் குத்திவிட்டுத் திட்டு வாங்கினான்.

மறுநாள் டாக்டர்கள் முன்னால் அது முதலில் ஓடியது. மேஜையில் வைத்த விரலின் ரேகையைக் காட்டியது. சுவரில் இருந்த எழுத்தைக் காட்டியது. மறுபடி விரலுக்கு வரச் சொன்னபோது வரவில்லை. திரை மங்கலாகவே நின்றது. அவன் நிறுத்திப் போட்டான், திரும்ப நிறுத்திப் போட்டான். டாக்டர்களில் ஒருவர் தங்கமான மனிதர், பரவாயில்லை என்றார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு பிரித்துப் பார்த்தார்கள். வளையம் ஒட்டிக் கிடந்தது. மேனேஜர் பொறுமையாகத்தான் சொன்னாராம். "ஸ்பிரிங்குக்கு வலு பத்தல தம்பி. கனத்த கூட்டினா கரண்ட் கூடும். கரண்ட் கூடினா குழந்தைக்கு ஆகாது. அப்ப இது நடக்காத காரியம்." மிச்சப் பீஸ்களை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஒன்று ஒட்டிக்கொண்டால் எல்லாமே ஒட்டிக்கொள்ளும், அளவு ஒன்றுதானே என்று சொன்னவன் இவனேதான். தன் கணக்கைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

"கணக்கு தப்பு அக்கா," என்றான். "நாந்தான். என் கணக்குதான் தப்பு."

இவள் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. அத்தனை வருஷத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. தம்பிக்காக மனசு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தட்டை வாங்கி நானே அவனிடம் கொடுத்தேன். அவள் அங்கே நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்று பயந்தாளா என்று பின்னால் கேட்டேன். அதில்லையாம். அவன் அந்த நிலையில் இருக்கும்போது எப்படிச் சொல்வது, கொஞ்சம் ஆற அமரச் சொல்லலாம் என்று இருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் வேலையை விட்டுவிட்டான். விட்ட பிறகு சொன்னால் வேலையை விடவைத்த பாவமும் சேரும். அப்படியே அது அவளுக்குள் இறுகிப் போனது.

மச்சான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். நல்ல கடை, மரியாதையான வேலை, அதைக் குறை சொல்லமாட்டேன். கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவன் மாறிப்போனான். பவர் எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை இன்னொருவரிடம் கொடுத்து, "சரியாத்தானே படிச்சேன்?" என்று கேட்பான். சுவரில் ஆணி அடிக்கும்போது, "இது தாங்குமா மாமா?" என்று என்னைக் கேட்பான். ஒரு தியேட்டர் வாசலுக்குப் பெரிய ஷட்டர் ஒன்று எனக்கு வந்தது. வழக்கம்போல எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"வேற யாரையாச்சும் கேளுங்க மாமா. நான் சொல்லி எவன் தலையிலாவது விழுந்துறப்போகுது."

நான் அவனைக் கண்டபடி திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பக்கத்தில் இருந்த இவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். அப்போது வெளிச்சம் இருந்தது, விளக்குக்குத் தேவையே இல்லை.

இந்த வருஷம் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் மகள் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்னக் கணக்கு. அவள் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். குழந்தையோ நேராக இவளிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ஏன்டி, அப்பாகிட்ட கேக்கலாம்ல?" என்றாள் இவள்.

"அப்பாவுக்குக் கணக்கு வராது அத்தை," என்றது குழந்தை. வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்று சொல்வதுபோலச் சொன்னது. அவனும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா, அத்தைகிட்டயே கேளு, அப்பா சொன்னா தப்பாப் போயிரும்," என்றான்.

இவள் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். காப்பி குடித்தாள். எல்லாரிடமும் சிரித்துப் பேசி விடைபெற்றாள். எங்கள் வேனில் ஏறி ஒரு தெரு தாண்டியதும் அழ ஆரம்பித்தாள். ஓரமாக நிறுத்தினேன். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்து வைத்தது, மழை, தட்டியது, எல்லாம்.

நான் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அவன் தன்னையே நம்பாம நடைப்பிணமா அலையுறான், நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "வண்டியத் திருப்புங்க," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமே," என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

மறந்து வைத்த எதையோ எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து மச்சான் கதவைத் திறந்தான். இவள் உட்காரக்கூட இல்லை. சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு அந்தப் பீஸ் டெஸ்ட்லயே ஒட்டிக்கிச்சு. நான்தான் ஈரக்காத்துல வச்சிருந்தேன். உனக்குத் தெரியாம தட்டி விட்டேன். ஓடுதுன்னு கை காட்டினேன். உன் மேல தப்பே இல்லடா."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். நடுவில் பாய்வதற்குத் தயாராக நின்றேன்.

"அப்ப ஸ்பிரிங்?" என்றான்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு."

"தட்டினதுக்கப்புறம் முழுசா நகந்துச்சா? கடைசி வரைக்கும் போச்சா?"

"போச்சு."

"எவ்ளோ கரண்ட்ல?"

"நீ சொன்ன அளவுதான். ஒரு சொட்டு கூடக் கூட்டல."

"அப்ப கணக்கு சரி," என்றான். "மாமா, கணக்கு சரி!"

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதன்முதலாக எனக்குக் கதவைத் திறந்த பொடியனின் முகம். தன் அக்கா என்ன செய்தாள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. ஸ்பிரிங் சரியாக இருந்தது என்ற சந்தோஷம் மட்டும்தான் அவனுக்கு. இவளால் அதைத் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மகளைக் கூப்பிட்டான்.

"ஏய், பென்சிலக் கொண்டா. அப்பாவுக்குக் கணக்கு வராதுன்னியே, இங்க வந்து பாரு."

குழந்தை பென்சிலும் தாளும் கொண்டுவந்து அவன் தோளில் சாய்ந்துகொண்டு நின்றது. அவன் ஒரு வளையம் போட்டான். நாலு பக்கமும் நாலு ஸ்பிரிங் வரைந்தான். கை வேகமாக ஓடியது. கீழே எழுத ஆரம்பித்தான். ஒரு வரி எழுதினான், அடுத்த வரி எழுதினான். மூன்றாவது வரியில் நின்றான். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினான். அதையும் அடித்தான். பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். நாங்கள் மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்புறம் என்னப்பா?" என்றது குழந்தை.

அவன் கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"இதுக்கு மேல வரமாட்டேங்குது அக்கா," என்றான். "மறக்கணும்னு அவ்வளவு பாடுபட்டேன்ல... மறந்தே போச்சு."